முப்பத்தைந்து அடி

செவ்வாய்தோறும் காலை எட்டு மணிக்குப்
பாலத்தடியில் இறங்கி
ஒரு புட்டி நீர் மொண்டு
ஐஸ் பெட்டியில் வைப்பது என் உத்தியோகம்.
பதினோரு வருடமாக
இந்த ஓடைக்கு நாடி பார்க்கிறேன்.
மருந்து எழுத அதிகாரமில்லை.

கிரேபில் ஓடை. தாவித் தாண்டிவிடலாம்.
வரைபடத்தில் அதற்கு நீலம் தீட்டியவர்
மழைக்கு மறுநாள் வந்து பார்த்ததில்லை.
அன்றைக்கு அது பால் கூடிப்போன காப்பி.
சஸ்குவெஹன்னாவில் விழுந்து
அணைகளைத் தாண்டி
செசபீக் விரிகுடாவரை போய்
சிப்பிகளின் வாயில் மண் போடுகிறது.
பேச்சுக்குச் சொல்லவில்லை.
வாயில், மண்.

நெவின் ப்ரூபேக்கருக்கு நாற்பத்திரண்டு கறவை.
ஓடையில் நின்று குடித்தன,
நின்ற இடத்திலேயே கழித்தன,
ஏறி இறங்கி ஏறிக்
கரையைக் கரைத்தன.
"தண்ணீர் ஓடத்தானே செய்கிறது" என்பார்.
ஓடித்தான் போகிறது.
சிக்கலே அதுதான்.

தாள்களோடு போனேன்.
நீரிலிருந்து முப்பத்தைந்து அடி தள்ளி வேலி,
இடைப்பட்டதில் மரம்,
செலவில் பெரும்பங்கு மாவட்டத்துடையது.
மனதுக்குள் அவர் மக்காச்சோளத்தை அளந்தார்:
இரண்டேகால் ஏக்கர் நட்டம்.
"அரசாங்கப் பணத்துக்கு வால் உண்டு"
என்று சொல்லிவிட்டு
வெல்லப்பாகு வைத்த பை ஒரு துண்டு தந்தார்.
மூன்று வருடம் பை தின்றேன்.

நான்காம் மார்ச்சில் கரை சரிந்து
சினையாயிருந்த டில்லி
முன்னங்கால் ஒடிந்து கிடந்தது.
துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டு வந்து
கையெழுத்துப் போட்டார்.
விரிகுடாவைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

சரிந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மண்,
வரி வரியாக.
அடியில் ஒரு கறுப்புக் கோடு:
அதுதான் பழைய சதுப்பு.
அதற்கு மேலே உள்ளதெல்லாம்
மேட்டுக் காட்டை வெட்டியபோது வழிந்து
மாவு ஆலையின் அணையில் தேங்கியது.
"வெட்டியது யார்?"
ஆலைச் சுவரில் மிஞ்சிய கல்லில்
ப்ரூபேக்கர் என்று செதுக்கியிருந்தது.
இருவரும் படித்தோம்.
வண்டல் என்றால் வரம் என்று வயல் சொல்லும்.
வயலைவிட்டுக் கிளம்பிய பிறகு
அதற்கு வேறு பெயர்.

ஏப்ரலில் சபை இளைஞர்கள் வந்து
நானூறு கன்று நட்டார்கள்,
சைக்கமோர், வில்லோ, சிவப்பு மேப்பிள்.
மான் மேயாதிருக்க
ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக் குழாய்.
"யார் வீட்டு இழவு, இத்தனை கல்லறை?"
என்றான் பால் லாரி ஓட்டும் டெக்ஸ்டர்.
செப்டம்பர் வெள்ளம் நூற்றுப்பதினேழைக் கொண்டுபோயிற்று.
நட்டார்கள்.
பனிக்காலத்தில் எலி பட்டையைக் கொறித்தது.
நட்டார்கள், கொஞ்சம் குறைவாக.

இப்போது அடிக் கூழாங்கல் தெரிகிறது.
போன வாரம் ஒன்றைப் புரட்டினேன்.
மூன்று வால் முளைத்த ஒரு பூச்சிக்குஞ்சு
வெளிச்சம் பிடிக்காமல்
மறுபக்கம் நகர்ந்துகொண்டது.
அதைச் சொல்லத்தான் நெவினிடம் போனேன்.
ஆனால் நைட்ரேட் எண்ணையும் சொல்ல வேண்டுமே:
முன்பு பத்து.
இப்போது பத்தரை.

மண் மேலோடு ஓடும்.
உரம் உள்ளே இறங்கும்,
சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில்
அவசரமே இல்லாமல் ஊர்ந்து
ஊற்றில் வந்து கணக்குக் காட்டும்.
"அப்போ இன்றைக்கு வருவது எப்போது போட்டது?"
இருபது வருடம் இருக்கலாம் என்றேன்.
விரல்விட்டு எண்ணினார்.
"எல்வுட் உரவண்டி ஓட்டிய காலம்."
அண்ணன். இறந்து ஒன்பது வருடம்.
"ஒரு கை கூடவே போடுவான், எப்போதும்"
என்றார், ஓடையைப் பார்த்தபடி.
குரலில் குற்றச்சாட்டு இல்லை.
இவ்வளவு நாள் கழித்து
அவனிடமிருந்து ஏதோ வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"நான் இந்த வருடம் குறைத்துப் போட்டது?"
அதை நாம் பார்க்கமாட்டோம் என்றேன்.
தலையாட்டினார்.
சாய்ந்திருந்த குழாயொன்றை நிமிர்த்தி
முளைக்குச்சியை மிதித்து இறக்கி
உள்ளே எட்டிப் பார்த்தார்.
"இது செத்துவிட்டது" என்றார்.
அடுத்ததற்குப் போனார்.